கதிரை முதலில், பிரஷ் பிறகு: அரூப ஓவியம் தொடங்குகிறவர்களுக்கு

அரூப ஓவியம், அதாவது எந்தப் பொருளின் உருவத்தையும் காட்டாமல் நிறத்தாலும் வடிவத்தாலும் மட்டும் ஆன படம், செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது என்ன பெயின்ற் வாங்குவது, எத்தனை பிரஷ் வாங்குவது என்றுதான். முதலில் ஒரு கதிரை தேடுங்கள் என்று சொல்வேன். பகிடி என்று நினைக்கிறார்கள். பனை மரத்தைப் பார்த்துப் படம் கீறினால், எங்கே பிழைத்தது என்று அந்த மரமே காட்டித் தரும். முகம் கீறினால் மூக்கு கோணல் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகூடச் சொல்லும். அரூப ஓவியத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வெளியே ஒன்றும் கிடையாது. அடுத்து என்ன செய்வது என்று படத்திடமே கேட்க வேண்டும், அதுவும் ஆறுதலாகத்தான் பதில் சொல்லும். நான் ஒரு மணி நேரம் வேலை செய்தால் அதில் நாற்பது நிமிடம் கதிரையில்தான் போகிறது.

நான் ஓவியத்தில் பட்டம் பெற்றவன் அல்ல. யாழ்ப்பாணத்து உரும்பிராயில், வேலை முடிந்து வந்த பிறகும் சனி ஞாயிறிலும் வீட்டுப் பின்விறாந்தையில் கீறுகிறவன். கீழே சொல்வதெல்லாம் பல படங்களைக் கெடுத்துப் பழகியது. தண்ணியில் கரைத்துப் பாவிக்கும் அக்ரிலிக் வர்ணத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன். எண்ணெய் வர்ணம் பாவிப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை பின்னால் இருக்கிறது.

இடம்

தனி அறை கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் கிடைக்கவே கிடைக்காது. ஆறடி அகலச் சுவர் போதும். இடுப்பு உயரத்தில் ஒரு மரச்சட்டத்தை ஆணி அடித்துப் பொருத்துங்கள். மூன்று நாலு படங்களை அதில் சாய்த்து வைக்கலாம், படம் தாங்கும் நிலைச்சட்டம் (easel) தேவையில்லை. தரைக்குப் பழைய சாக்கு விரியுங்கள். பேப்பர் விரித்தால் காலிலும் ஈரப்படத்திலும் ஒட்டிக்கொண்டு திரியும். கதிரையைச் சுவரிலிருந்து எட்டு, பத்து அடி தள்ளிப் போடுங்கள். என் விறாந்தை அவ்வளவு அகலம் இல்லை, அதனால் கதிரை முற்றத்தில் நிற்கிறது.

ஒரு பிடிவாதம் மட்டும் வேண்டும். சாமான்களை மூடிக் கட்டி அலுமாரிக்கு மேலே ஏற்றாதீர்கள். உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்குள் கை நனைய வேண்டும். ஒவ்வொரு முறையும் பெட்டி இறக்கி, மேசை துடைத்து, ரியூப் தேடி எடுப்பதென்றால் வேலை முடிந்து களைத்து வந்த உடம்பு நாளைக்குப் பார்ப்போம் என்றுதான் சொல்லும். விருந்தாளி வரும்போது ஒதுக்கவேண்டி வந்தால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து அப்படியே தூக்குங்கள்.

படம் நிற்கும் சுவர் வீட்டார் போய்வரும் வழியில் இருப்பது இன்னும் நல்லது. குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வரும்போது கடைக்கண்ணில் படுமே, அந்த ஒரு நொடியில் தெரியும் பிழை அரை மணி நேரம் முறைத்துப் பார்த்தாலும் தெரியாது.

வெளிச்சம்

ஓவியப் புத்தகங்கள் பலவும் வடக்கு யன்னல் வேண்டும் என்கின்றன. ஐரோப்பாவுக்கு அது சரி. யாழ்ப்பாணம் ஏறக்குறைய 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி மத்தியானச் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வரும். அதன் பிறகு ஓகஸ்ட் கடைசி வரை அது எங்களுக்கு வடக்கே நிற்கும். யூன் மாதத்தில் காலையிலும் பின்னேரத்திலும் வடக்கு யன்னலுக்குள்தான் வெயில் சரிந்து விழும். நான் புத்தகத்தை நம்பி வடக்குப் பக்கம் இடம்பிடித்து, ஒரு யூன் முழுக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கீறியிருக்கிறேன். திசையை விட்டுவிட்டு நிழலைப் பாருங்கள். எந்த மாதம், எத்தனை மணிக்கு, எந்தச் சுவரில் நேர் வெயில் விழுவதில்லை என்று ஒரு கொப்பியில் குறித்தால் ஒரு வருடத்தில் உங்கள் வீட்டுக்கே ஒரு பஞ்சாங்கம் கிடைத்துவிடும்.

சனி ஞாயிறில் எனக்குக் காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை கீறும் நேரம். பின்னேர வெளிச்சம் அழகானது, ஆனால் மஞ்சள். போதாததற்கு எங்கள் ஊர்ச் செம்மண் முற்றம் அந்த வெளிச்சத்தை இன்னும் சிவப்பாக்கிச் சுவரில் எறிகிறது. ஐந்தரை மணிக்கு ஒரு வெள்ளையையோ மஞ்சளையோ பார்த்துச் சரி என்று முடிவெடுக்காதீர்கள். இரவில்தான் நேரம் கிடைக்கும் என்றால் வெளிச்சத்தின் நிறம் 5000 கெல்வின் அளவான, நிறங்களை உள்ளபடி காட்டும் அளவான சி.ஆர்.ஐ. 90க்கு மேற்பட்ட எல்.ஈ.டி. பல்ப் வாங்குங்கள். அந்த இரண்டு எண்களும் பெட்டியில் அச்சடித்திருக்கும்.

நிறமும் பலகையும்

கடைக்குப் போனால் இருபத்துநாலு ரியூப் பெட்டிதான் கண்ணைப் பறிக்கும். விடுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு நாலே நாலு போதும்: ரைற்றேனியம் வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், மஞ்சள் ஓக்கர், பேர்ண்ட் சியன்னா என்ற செங்கபிலம். நீலத்தையும் சியன்னாவையும் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் ஒன்று வரும், கறுப்பு ரியூப் வாங்கவே தேவையில்லை. அதில் வெள்ளை சேர்த்துக்கொண்டே போனால் கடல்நீரேரியின் சாம்பலும் மழைக்கு முந்திய வானமும் வரும். பத்துச் சாம்பலைக் கலந்து பழகியவருக்கு ஒரு துளிச் சிவப்பின் அருமை தெரியும்.

ரியூபின் பின்பக்கம் வாசிக்கப் பழகுங்கள். நிறப்பொருளின் குறி அங்கே இருக்கும்: அல்ட்ராமரினுக்கு பி.பி. 29, ரைற்றேனியம் வெள்ளைக்கு பி.டபிள்யூ. 6. பி.ஆர். 108, பி.வை. 35 என்று கண்டால் அது உண்மையான கட்மியம். நஞ்சு. தொடக்கத்தில் தேவையும் இல்லை. பெயரோடு ‘ஹியூ’ என்று சேர்ந்திருந்தால் மலிவான வேறு நிறப்பொருளால் செய்தது.

கன்வஸுக்கு இப்போதைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஹாட்போட்டை ஓரடிச் சதுரங்களாக அறுத்து, நிறம் பிடிக்க அடியில் பூசும் வெள்ளைப் பூச்சான ஜெஸ்ஸோவை இரண்டு தரம் அடித்தால் போதும். பயிற்சிக்குச் சுவருக்கு அடிக்கும் வெள்ளை இமல்ஷனும் சமாளிக்கும். ஆறு பலகை ஒரே நேரத்தில் தயார் செய்யுங்கள். ஏன் ஆறு என்றால், ஒரே ஒரு படம் சுவரில் இருக்கும்போது அதைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் கையைப் பிடிக்கும். ஆறு இருந்தால் ஒன்று காயும்வரை மற்றதில் கை வைக்கலாம். ஒன்றில் தற்செயலாக வந்தது இன்னொன்றுக்கு வழி காட்டும். ஆறில் நாலு தோற்றாலும் கவலை இல்லை.

எங்கள் வெக்கையில் அக்ரிலிக் கொட்டிக் கலப்பதற்குள் தோல் போட்டுவிடும். மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி ஒன்றின் அடியில் நனைத்துப் பிழிந்த துணி, அதன் மேல் ஒயில் பேப்பர், அதன் மேல் நிறம். மூடி வைத்தால் இரண்டு மூன்று நாள் ஈரமாகவே இருக்கும். சோளகம் வீசும் மாதங்களில், மே தொடங்கி செப்ரெம்பர் வரை, இன்னொரு தொல்லை உண்டு. செம்மண் தூசு ஈர நிறத்தில் வந்து ஒட்டும். காற்றுப் பக்கம் ஒரு பழைய சேலையைத் தொங்கவிடுங்கள்.

தொடங்குவது

வெள்ளைப் பலகையைப் பார்த்தபடி கருத்துக்காகக் காத்திருப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. கருத்து வராது. வந்தாலும் பெரும்பாலும் வேறு யாருடையதாகவோ இருக்கும். வெள்ளையை முதலில் அழுக்காக்குங்கள். சியன்னாவைத் தண்ணீராகக் கரைத்து ஆறு பலகைக்கும் துணியால் தேய்த்துவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய வடிவம், ஒரு சின்ன வடிவம், ஒரு கோடு. பதினைந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. தூரிகை இல்லாமல் செய்தால் இன்னும் நல்லது: பழைய வங்கி அட்டையால் இழுக்கலாம், கிழிந்த துணியால் ஒற்றலாம், பன்னாடையை நனைத்துப் பதித்தால் வரும் பின்னல் கோடு எந்தப் பிரஷிலும் வராது.

அப்படியானால் எதைப் பார்த்துக் கீறுவது? ஒன்றையும் பார்க்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. தடித்த மட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுர ஓட்டை வெட்டிப் பையில் வைத்திருங்கள். ஒழுங்கையில் நடக்கும்போது அதற்குள்ளால் ஒற்றைக் கண்ணால் பாருங்கள். கிடுகு வேலியில் புதுக்கிடுகும் பழங்கிடுகும் சந்திக்கும் இடம், துருப்பிடித்த படலையில் மூன்று காலத்துப் பெயின்ற் உரிந்து நிற்பது, சுண்ணாம்புச் சுவரில் மழைத்தண்ணி இறங்கிய தடம், ஆனையிறவு உப்பளப் பாத்திகள். வேலி என்று தெரியாத அளவுக்கு ஒரு துண்டை மட்டும் எடுத்து, கொப்பியில் நாலு கோட்டில் குறியுங்கள். போனில் படம் எடுப்பதை நான் விரும்புவதில்லை. போன் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும், கை தேவையானதை மட்டும் வைத்துக்கொள்ளும்.

உட்கார்ந்து பார்ப்பது

கதிரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். என்ன பார்ப்பது? சும்மா பார்த்தால் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்பதைத் தவிர ஒன்றும் தோன்றாது. நான் செய்வது இதுதான். முதலில் என் கண் எங்கே போய் விழுகிறது, அங்கிருந்து எங்கே போகிறது என்று கவனிப்பேன். கண் ஒரு மூலையால் வழுக்கி வெளியே போய்விட்டால் அந்த மூலையில் ஏதோ ஓட்டை. பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைப்பேன், அதன் பின் பக்கவாட்டில். அரூப ஓவிய முன்னோடிகளில் ஒருவரான ரஷ்ய ஓவியர் கன்டின்ஸ்கி ஒரு நாள் அந்திக் கருக்கலில் தன் வேலையறைக்குள் நுழைந்து, இன்னதென்று விளங்காத, ஒளிவிடும் ஒரு படத்தைக் கண்டு திகைத்து நின்றாராம். கிட்டப் போய்ப் பார்த்தால் அவர் செய்த படமே சரிந்து பக்கவாட்டில் நின்றிருக்கிறது. அவரே 1913 இல் எழுதிய நினைவுக்குறிப்பில் இது இருக்கிறது. ஆகவே திருப்பிப் பார்க்க வெட்கப்பட வேண்டாம்.

போனுக்கு ஒரு நல்ல வேலை இங்கே உண்டு. படத்தைப் போனில் எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நிறம் நிறமாகத் துள்ளிக்கொண்டிருந்த படம் ஒரே சாம்பல் கஞ்சியாகத் தெரிந்தால், உங்களிடம் நிறம் இருக்கிறது, வெளிச்சம் இருட்டு இல்லை. புதியவர்களின் பத்துப் படத்தில் ஏழு எட்டுக்கு இதுதான் நோய். மருந்தும் சுலபம்: ஒரு பகுதியை இரண்டு மடங்கு இருட்டாக்குங்கள்.

கதிரையை விட்டு எழும்ப ஒரு விதி வைத்திருக்கிறேன். என்ன செய்யப் போகிறேன் என்று ஒரு வசனத்தில் சொல்ல முடிந்தால்தான் எழும்புவேன். ‘இடது பக்க நீலத்தை மங்க வைக்க வேண்டும்.’ சரி, எழும்பு, அதைச் செய், திரும்பி வந்து உட்கார். எழும்பினதற்கு இன்னும் நாலு இடத்தையும் தொட்டுவிட்டு வருவோம் என்று போனால், எது படத்தைத் திருத்தியது, எது கெடுத்தது என்று பிறகு தெரியாது. இந்திய அரூப ஓவியர்களில் பெரியவரான வி. எஸ். கைத்தொண்டே வருடத்துக்கு ஐந்தாறு படங்களுக்கு மேல் முடித்ததில்லை என்பார்கள். ரோலராலும் கத்தியாலும் நிறத்தை ஏற்றி இறக்கியவர். மிச்ச நேரமெல்லாம் எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கெட்டுப்போகும் கட்டம்

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஆறு படங்களும் அசிங்கமாக இருக்கும். இது எனக்கு இன்றும் நடக்கிறது. முதல் நாள் துணிவோடு வந்த கோடுகளைத் திருத்தித் திருத்திச் சேறாக்கியிருப்போம். இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்குக் கலை வராது என்று சொல்லிக்கொண்டு.

இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, படத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்த துண்டைத் தேடி அதை அழியுங்கள். கேட்க விசர்க்கதை மாதிரி இருக்கும். ஆனால் பல முறை அந்த அழகான துண்டைக் காப்பாற்றத்தான் மற்ற எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டிருப்போம். மற்றது, ஒரே நிறத்தை நிறையக் கலந்து படத்தின் மூன்றில் இரண்டு பங்கை மூடிவிடுங்கள். மிஞ்சுகிற துண்டுகள் யன்னல் மாதிரி நிற்கும், அடியில் இருந்த குழப்பம் அந்த யன்னலுக்குள் ஆழமாகிவிடும். அக்ரிலிக் காய்ந்த பிறகு கரையாது என்பதால் இதைப் பயமில்லாமல் செய்யலாம்.

இரண்டும் சரிவரவில்லை என்றால் மட்டையை ‘ட’ வடிவில் இரண்டாக வெட்டி, சட்டம் மாதிரிச் சேர்த்துப் படத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். ஓரடிப் பலகைக்குள் நாலு அங்குலத்தில் ஒரு நல்ல படம் ஒளிந்திருக்கலாம். அதை அறுத்து எடுத்தால் எடுத்ததுதான்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் செய்வது, முடிந்த மாதிரித் தெரிகிற படத்தைச் சுவருக்கு முகம் திருப்பி வைத்துவிட்டு மூன்று வாரம் கழித்துப் பார்ப்பது. கை பரபரக்காவிட்டால் பெயரெழுதிவிடுவேன்.

கழுவும் தண்ணி

அக்ரிலிக் என்பது பிளாஸ்ரிக். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது, குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடித் தண்ணிதான். அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் நிற்கிறது. மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. ஆகவே கிணற்றடியில் பிரஷ் கழுவுவதில்லை என்பதை முதல் நாளே பழக்கமாக்குங்கள்.

முதலில் பிரஷைத் துணியில் நன்றாகத் துடையுங்கள், பாதி நிறம் அங்கேயே போய்விடும். பிறகு ஒரு வாளியில் ஊத்தைக் கழுவல், இன்னொரு பேணியில் நல்ல கழுவல், கடைசியில் சவர்க்காரம். பிரஷைத் தலைகீழாகத் தண்ணிக்குள் நிற்க விடாதீர்கள், மயிர் வளைந்துவிடும். ஊத்தை வாளியில் ஒரு தேக்கரண்டி சீனாக்காரத் தூளைக் கரைத்து இரண்டு நாள் விடுங்கள். தேத்தாங்கொட்டை உரைத்துக் கலங்கல் தண்ணியைத் தெளியவைத்தார்களே, அந்த மாதிரி வேலைதான். நிறத்தூள் திரண்டு அடியில் இறங்கும். மேலே தெளிந்ததைத் துணியால் வடித்து, கிணற்றுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் தூரமாக ஊற்றுங்கள். அடி மண்டியை வெயிலில் காயவைத்துக் குப்பையோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

எண்ணெய் வர்ணக்காரருக்கு: வர்ணத்தில் கலக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காய்வது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து. அப்போது சூடு பிறக்கும், சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணி நிரப்பிய மூடியுள்ள ரின்னுக்குள் போடுங்கள்.

‘இது என்ன படம்?’

கேட்பார்கள். விறாந்தையில் வேலை செய்தால் ஊரே கேட்கும். கோபப்படாதீர்கள், விளக்கவுரையும் நடத்தாதீர்கள். லிங்கத்தை அருவுருவம் என்று சொல்லிக் கும்பிடுகிற ஊர் இது, கோடும் வட்டமும் இங்கே யாருக்கும் புதிதில்லை.

பக்கத்து வீட்டு மாமி ஒரு நாள் கறிவேப்பிலைக்கு வந்தவர், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன தம்பி கீறியிருக்கிறீர்?”

“ஒண்டும் இல்லை மாமி, சும்மா நிறம்தான்.”

“மாரிக்கு ஊறின சுவர் மாதிரிக் கிடக்கு. எங்கட பழைய வீட்டுச் சுவர்.”

நான் அந்தப் படத்தில் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்ததற்கு அவர்தான் பெயர் வைத்தார். பார்க்கிறவர்கள் சொல்வதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். என்ன அர்த்தம் என்று அல்ல, எதை ஞாபகப்படுத்துகிறது என்று கேளுங்கள்.

நீங்களும் மற்றவர்களின் அசல் படங்களைத் தேடிப் போய்ப் பாருங்கள். போன் திரையில் எல்லாப் படமும் உள்ளங்கை அளவுதான், பூச்சின் தடிப்பும் தெரியாது. கொழும்புக்குப் போகும்போது பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் பவுண்டேஷனில், 1943 இல் தொடங்கிய, இலங்கையின் நவீன ஓவியர் குழுவான 43 குழுவின் ஓவியர்களின் படங்களைக் கிட்ட நின்று பார்க்கலாம்.

கணக்கும் சேமிப்பும்

ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் திகதி, அளவு, எந்தப் பக்கம் மேலே என்ற அம்புக்குறி, பாவித்த நிறங்கள். அம்புக்குறி கட்டாயம், ஒரு வருடம் போனால் உங்களுக்கே மறந்துவிடும். படத்தை நல்ல பகல் நிழலில் போனில் எடுத்து, வீட்டுக்கு வெளியேயும் ஒரு பிரதி இருக்கும்படி வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரத்துக்கு அனுப்பினாலும் போதும். 1995 ஒக்டோபர் கடைசியில், போரில், எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தபோது, படங்களைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் கலியாண ஆல்பம்கூட இருக்கவில்லை. நான் எண் போட்டுக் குறித்து வைப்பதற்குக் காரணம் ஒழுங்கு அல்ல, அதுதான்.

ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை மழைக்காலத்தில் படங்களைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள், பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். அடியில் இரண்டு சட்டம் வைத்து, சுவருக்கும் படத்துக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். பங்குனி, சித்திரை வெக்கையில் பிரச்சினை வேறு: காய்ந்த அக்ரிலிக்கும் சூட்டில் இளகி ஒட்டும். இரண்டு படத்தை முகத்துக்கு முகம் வைத்தால் பிரிக்கும்போது இரண்டும் உரியும். நடுவில் ஒயில் பேப்பர் வையுங்கள். குமிழி பிளாஸ்ரிக்கால் சுற்றுவதென்றால் குமிழ்ப்பக்கம் வெளியே இருக்கட்டும், உள்ளே இருந்தால் படம் முழுக்க வட்டம் வட்டமாகப் பதிந்துவிடும்.